சின்னக் காருக்கு டர்போ: பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் மைவி, ஆக்சியா, கெலிசா, பழைய கஞ்சில் என்று மலேசிய நிறுவனமான பெரோடுவாவின் சின்னக் கார்களை வைத்திருக்கும் பிள்ளைகள் எங்கள் பட்டறைக்கு வந்தால், டயர் மாற்றுவதில் தொடங்கும் பேச்சு டர்போவில்தான் போய் நிற்கும். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னால் அன்றைய வேலை நடக்காது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். போடவே கூடாது என்று தடுப்பதற்காக எழுதவில்லை. டர்போவோடு வேறு எதையெல்லாம் சேர்த்துப் போட வேண்டும் என்பதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதற்காகத்தான் இது.

டர்போ என்னதான் செய்கிறது?

எஞ்சினிலிருந்து புகைக்குழாய் வழியாக வீணாகப் போகும் வாயுவில் சூடும் வேகமும் இன்னும் மிச்சமிருக்கும். அது ஒரு டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரசர் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரெட் பூஷி 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. சின்ன டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 2,00,000 சுற்றுகளையும் தாண்டும்.

சாதாரண எஞ்சின் வெளியே இருக்கும் ஏறக்குறைய 1 பார் காற்றழுத்தத்தில்தான் மூச்சு விடுகிறது. அதற்கு மேல் அரை பார், அதாவது சுமார் 7 பிஎஸ்ஐ பூஸ்ட் கொடுத்தால் ஒன்றரைப் பங்கு காற்று உள்ளே போக வேண்டும். காற்று மட்டும் கூடினால் சக்தி வராது. அதற்கேற்ற பெட்ரோலும் கூட வேண்டும். இரண்டும் கூடினால் சூடும் கூடும். மீதித் தொல்லைகள் எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

முதல் தலைமுறை மைவி 1.3 சுமார் 87 குதிரைத்திறன். அரை பார் பூஸ்ட் என்றால் 130 ஆகிவிடுமா அண்ணே?

காகிதத்தில் ஆகும். காற்றை அழுத்தினால் அது சூடாகும் என்பதைக் காகிதம் மறந்துவிடுகிறது. நம் ஊர் வெளிக்காற்று 30 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அரை பாருக்கு அழுத்தியதும் சாதாரண டர்போ ஒன்றிலிருந்து 85 முதல் 90 டிகிரியில் வெளியே வரும். சூடான காற்று விரிந்துவிடுவதால் அழுத்தம் கூடிய அளவுக்குக் காற்றின் எடை கூடாது. முன்பக்கம் இன்டர்கூலர் வைத்துக் குளிர்வித்தாலும் அதன் குழாய்களில் கொஞ்சம் அழுத்தம் குறையும். போதாக்குறைக்கு, டர்பைன் நடுவில் நிற்பதால் புகை வெளியேறும் வழியும் இறுகுகிறது. 110-க்கும் 120-க்கும் இடையில் எங்காவது நின்றால் வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று பொருள். 130 என்று எழுதிய டைனோ (சக்தி அளக்கும் இயந்திரம்) தாளைக் காட்டுபவரிடம், அன்று எவ்வளவு பூஸ்ட், எந்த பெட்ரோல் என்று கேளுங்கள்.

எஞ்சின் இப்போது நன்றாகத்தானே ஓடுகிறது. டர்போ போட்டால் ஏன் உடைய வேண்டும்?

பிளக்கின் பொறி பற்றவைத்த தீ சிலிண்டர் முழுவதும் பரவி முடிப்பதற்குள், ஓரத்தில் எரியாமல் மிச்சமிருக்கும் கலவை சூட்டாலும் அழுத்தத்தாலும் தானாகவே வெடிப்பதுதான் நாக்கிங். டர்போ இல்லாத சின்ன எஞ்சின்களைத் தொழிற்சாலை 10:1 அல்லது அதற்கும் மேற்பட்ட அமுக்க விகிதத்தில் கட்டுகிறது. 10:1 என்றால் சிலிண்டருக்குள் போன காற்று பத்தில் ஒரு பங்கு இடத்துக்கு அமுக்கப்படுகிறது என்று பொருள். பெட்ரோலை மிச்சப்படுத்த அதுதான் வழி. ஏற்கெனவே அவ்வளவு இறுக்கமாக அமுக்கும் எஞ்சினுக்குள், டர்போ முன்னதாகவே அமுக்கிச் சூடாக்கிய காற்றைத் தள்ளினால், நாக்கிங்குக்கு நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதாகும்.

தொழிற்சாலை இதை எப்படிச் சமாளித்தது என்று பாருங்கள். பழைய மைவி 1.3-இல் இருக்கும் கே3-விஇ எஞ்சினுக்கு ஜப்பானில் டர்போ வைத்த உடன்பிறப்பு ஒன்று உண்டு: டைஹாட்சு ஒய்ஆர்வி டர்போவில் வந்த கே3-விஇடி. 140 குதிரைத்திறன். ஆனால் அதன் அமுக்க விகிதத்தை 8.5-க்கு இறக்கிவிட்டார்கள். புரோட்டோனும் அப்படித்தான். 2012-இல் வந்த பிரேவேயின் கேம்ப்ரோ சிஎஃப்இ டர்போ எஞ்சினுக்கு 8.9. இரண்டிலும் பிஸ்டனே வேறு. டர்போவை மேலே மாட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடவில்லை.

இறக்காமல் விற்ற நிறுவனமும் உண்டு. 1962-இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், டர்போவோடு சந்தைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று. அமுக்க விகிதம் 10.25:1. நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து உள்ளே தெளித்தார்கள். வாங்கியவர்களில் பலர் அந்தத் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். புகார்கள் பெருகி, கடைசியில் பல கார்களிலிருந்து டர்போவையே கழற்றிச் சாதாரண கார்பரேட்டர் மாட்டிக் கொடுத்தார்கள். 1963-க்குப் பிறகு அந்தக் கார் வரவில்லை.

நாக்கிங் என்ன செய்யும் என்பதைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் மேசையில் ஒரு பிஸ்டன் கிடக்கிறது, எடுத்துப் பார்க்கலாம். மேல்தலை சுத்தமாக இருக்கும். ஓட்டை எதுவும் இல்லை. பக்கவாட்டில் முதல் வளையத்துக்கும் இரண்டாவது வளையத்துக்கும் நடுவிலுள்ள மெல்லிய விளிம்பு மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குப் பெயர்ந்து போயிருக்கும். அந்தக் காரின் பிளக்கைக் கழற்றியபோது வெள்ளைப் பீங்கான் முழுக்க மிளகுத் தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள், நடுநடுவே மினுக்கும் துகள்கள். அந்த மினுக்கல் பிஸ்டனின் அலுமினியம். ஓட்டியவருக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. புகைக்குழாயையும் பாட்டையும் அவ்வளவு சத்தமாக வைத்திருந்தால் எப்படிக் கேட்கும்?

அப்படியானால் இப்போது வரும் டர்போ கார்களில் அமுக்க விகிதம் 10-க்கு மேல் இருக்கிறதே?

இருக்கிறது. 2016-இல் இங்கே வந்த ஹோண்டா சிவிக் 1.5 டர்போ அப்படிப்பட்டது. அதில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் தெளிக்கப்படுகிறது. உள்ளே போன பெட்ரோல் ஆவியாகும்போது அங்கேயே சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. வால்வின் முன்னால் குழாயில் தெளிக்கும் உங்கள் மைவியில் அந்த வசதி கிடையாது.

சிலிண்டர் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் காஸ்கெட்டைத் தடிமனாகப் போட்டு விகிதத்தைக் குறைக்கலாமா?

குறையும். ஆனால் பிஸ்டன் மேலே வரும்போது கலவையை நடுவே பிதுக்கித் தள்ளும் அந்தக் குறுகிய இடைவெளியும் அகலமாகிவிடும். கலவை சுழல்வது மந்தமாகும். நாக்கிங்கைத் தடுக்கும் ஒரு காவலை நாமே எடுத்துவிட்டோம் என்றாகும். சரியான வழி பிஸ்டனை மாற்றுவதுதான். அதற்கு எஞ்சினை இறக்க வேண்டும்.

ரோன்97 ஊற்றினால் போதாதா?

உதவும், போதாது. ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) இரண்டு எண் கூடுவதால் பொறியைக் கொஞ்சம் முன்கூட்டிக் கொடுக்க இடம் கிடைக்கும், அவ்வளவுதான். 2025 செப்டம்பர் கடைசியில் தொடங்கிய புடி95 திட்டத்தின் மானிய விலை ரோன்95-க்குத்தான். 97-க்குச் சந்தை விலை. 97-க்கு என்று டியூன் செய்துவிட்டு, மாதக் கடைசியில் கை இறுகியதும் 95 ஊற்றுபவர்களை நான் அறிவேன். எந்த பெட்ரோலை எப்போதும் ஊற்ற முடியுமோ அதற்கே டியூன் செய்யச் சொல்லுங்கள்.

எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவை மாற்றித்தான் ஆக வேண்டுமா? தொழிற்சாலை இசியு தானே சமாளித்துக்கொள்ளாதா?

சமாளிக்காது. பல சின்னக் கார்களில் எஞ்சினுக்குள் போகும் காற்றை அழுத்த உணரியை வைத்துத்தான் இசியு கணக்கிடுகிறது. டர்போ இல்லாத காரில் அழுத்தம் 1 பாரைத் தாண்ட வழியே இல்லை என்பதால் அந்த உணரியும் ஏறக்குறைய அதோடு நின்றுவிடும். அதற்கு மேல் எவ்வளவு பூஸ்ட் வந்தாலும் இசியுவுக்குத் தெரியாது. காற்று ஒன்றரைப் பங்கு, பெட்ரோல் பழைய பங்கு. கலவை வறண்டு, சூடு ஏறி, மேலே சொன்ன பிஸ்டன் கதைதான்.

கணக்கு எளிது. மெதுவாகப் போகும்போது ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. பூஸ்ட் ஏறும்போது அதை 11.5 முதல் 12.5 வரை கொண்டுவர வேண்டும்; கூடுதல் பெட்ரோல் குளிர்விக்கும் வேலையையும் செய்கிறது. அதற்குப் பெரிய இன்ஜெக்டர் வேண்டும், பெட்ரோல் பம்ப் ஈடுகொடுக்க வேண்டும், 2 பார் வரையாவது படிக்கும் உணரி வேண்டும், பொறியின் நேரத்தையும் பெட்ரோலையும் மாற்றி எழுத முடிந்த இசியு வேண்டும். பழைய இசியுவின் மேல் ஏற்றும் பிக்கிபேக் மலிவு. குறைந்த பூஸ்டுக்கு அது போதும். தனி இசியு நல்லது. ஆனால் அதற்கு டியூனர் கையில் சரக்கு இருக்க வேண்டும்.

இவற்றோடு காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் உணரி ஒன்றும் புகைக்குழாயில், கண்ணில் படும் இடத்தில் அதன் அளவுமானியும். இதை வாங்க மனமில்லாமல் பூஸ்ட் மீட்டர் மட்டும் வாங்குகிறார்கள். பூஸ்ட் மீட்டர் அழகுக்கு. எஞ்சின் பிழைக்குமா என்று சொல்வது மற்றது.

பொத்தோங் கடையில், அதாவது பழைய கார்களைப் பிரித்து உதிரிபாகம் விற்கும் இடத்தில், பழைய டர்போ மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம், பார்த்து வாங்கினால். கம்ப்ரசர் பக்கத்துத் தண்டின் முனையை இரு விரலால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். அந்தத் திசையில் கைக்குத் தெரியும்படி அசைவு இருக்கவே கூடாது. பக்கவாட்டில் லேசாக ஆடினால் பயப்பட வேண்டாம். எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கும் பேரிங் என்பதால் எண்ணெய் இல்லாதபோது கொஞ்சம் ஆடும். ஆனால் சக்கரம் உறையைத் தொட்டால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். இதழ்களின் ஓரத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். பொடிப்பொடியாகக் கடிபட்டிருந்தால் முன்பு தூசியோ ஆணியோ உள்ளே போயிருக்கிறது. சூட்டுப் பக்கத்து இரும்பு உறையில் வேஸ்ட்கேட் (அதிகப்படி புகையை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவு) துவாரத்தைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கவும்.

அளவு முக்கியம். இரண்டு லிட்டர் காரின் டர்போ மலிவாகக் கிடைத்தது என்று 1 லிட்டர் எஞ்சினில் மாட்டினால், அது விழித்தெழும்போது நீங்கள் அடுத்த சாலை விளக்கில் நின்றுகொண்டிருப்பீர்கள்.

எண்ணெய்க் குழாய் வேலை பெரிய வேலையா?

வெளியில் தெரியாத வேலைகளில் அதிகம் கெடுவது இதுதான். டர்போவுக்கு எஞ்சின் எண்ணெய்தான் உயிர். உள்ளே போகும் குழாய் மெல்லியது, அழுத்தத்தோடு போகும். திரும்பி வரும் எண்ணெய்க்கு அழுத்தம் இல்லை, நுரைத்துப்போய் தன் எடையால் மட்டும் இறங்க வேண்டும். அதனால் திரும்பும் குழாய் பருமனாக, எங்கும் மேலே வளையாமல், எண்ணெய்த் தொட்டியில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். ஒரு வளைவு தவறினாலும் எண்ணெய் டர்போவுக்குள் தேங்கி, சீலைத் தாண்டிப் புகைக்குழாயில் இறங்கும். பின்னால் நீலப் புகை. டர்போ கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்கி மாட்டினாலும் அதே புகைதான் வரும், ஏனென்றால் கெட்டது டர்போ அல்ல.

திரும்பும் குழாய்க்குத் தொட்டியில் ஓட்டை போட வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்தத் தொட்டியைக் கழற்றாமலே கீழிருந்து துளையிடுபவர்கள் உண்டு. கிரீஸ் தடவினால் இரும்புத் துகள் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். ஒட்டாத துகள் எங்கே போகும்? கழற்றி, துளையிட்டு, பற்றவைத்து, கழுவி, புதிய சீலிங் பசையோடு மாட்டச் சொல்லுங்கள்.

எஞ்சினின் அடிப்பகுதிக் காற்று மேலே வரும் பிசிவி குழாயையும் பார்க்க வேண்டும். பூஸ்ட் அதன் வழியாகத் திரும்பி உள்ளே போகாமல் தடுக்க ஒருவழி வால்வு தேவை. இல்லாவிட்டால் எண்ணெய் அளக்கும் கம்பி தானாக எழும்பி வெளியே வரும்.

முழு சிந்தெடிக் எண்ணெய் ஊற்றி, தொழிற்சாலை சொன்ன இடைவெளிக்கு முன்பே மாற்றுங்கள். வேகமாக ஓட்டிவிட்டு வந்து உடனே சாவியைத் திருப்பி அணைத்தால் கொதிக்கும் டர்போவுக்குள் எண்ணெய் நின்று கருகும். கடைசி சில நிமிடங்களை மெதுவாக ஓட்டி வாருங்கள். தோட்டத்துக்குள் நுழைந்ததும் வேகத்தைக் குறைத்தால் போதும். அங்கே அப்படித்தான் ஓட்டவும் வேண்டும்.

நம் ஊர் வெயிலில் சூடு தாங்குமா?

பெட்ரோல் எஞ்சினின் புகை டர்பைனை அடையும்போது 900 டிகிரியை எட்டக்கூடும். ஆக்சியா போன்ற காரில் ரேடியேட்டர், விசிறி, ஒயர்கள், பிளாஸ்டிக் தொட்டிகள் எல்லாம் ஒரு முழத்துக்குள் இருக்கின்றன. மேனிஃபோல்டைச் சுற்றி வெப்பத் தடுப்புத் தகடு கட்டாயம். முன்பக்கம் இன்டர்கூலர் வைத்தால், ரேடியேட்டருக்கும் ஏர்கானுக்கும் போகும் காற்றில் அது பங்கு கேட்கும்.

சோதிக்க வேண்டுமானால் பட்டணத்துக்குள் இரண்டு சுற்று சுற்றிவிட்டுத் திருப்தி அடைய வேண்டாம். நண்பகலில், ஏர்கானைப் போட்டு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு, வட–தெற்கு நெடுஞ்சாலையில் ஜெலாப்பாங்கிலிருந்து மெனோரா சுரங்கப்பாதை ஏற்றம் ஏறிப் பாருங்கள், சட்டம் அனுமதித்த வேகத்தில்தான். நீண்ட ஏற்றம், விடாத பூஸ்ட். தண்ணீர்ச் சூடு காட்டும் முள் அங்கே உண்மையைச் சொல்லிவிடும். பல சின்னக் கார்களில் முள்ளே இல்லை, சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரியும்போது பெரும்பாலும் காரியம் கெட்டிருக்கும். தனி அளவுமானி ஒன்று போடுங்கள்.

இன்னொன்று செம்மண் தூசி. செம்பனைக் குலை லாரிக்குப் பின்னால் தோட்டத்துச் சாலையில் தினமும் போகும் காருக்கு, திறந்த காளான் வடிவ ஏர் ஃபில்டர் வேண்டவே வேண்டாம். எஞ்சின் அறையின் சூட்டையும் தூசியையும் சேர்த்து இழுக்கும். அவ்வளவு வேகத்தில் சுழலும் சக்கரத்துக்கு மண் துகள் அரம். தொழிற்சாலைப் பெட்டியையே வைத்துக்கொண்டு காகித ஃபில்டரை அடிக்கடி மாற்றினால் போதும்.

"சுஸ்ஸ்" என்று சத்தம் வரும் வால்வு?

சத்தத்துக்கு மட்டும்தான் ஆசை என்றால் மற்றதற்கெல்லாம் செலவழிக்காமல் இருக்கலாம்.

இணையத்தில் மின்சார டர்போ விற்கிறார்களே, ஒயர் இழுத்தால் போதுமாம்?

கணக்கைப் பாருங்கள். 1.3 லிட்டர் எஞ்சின் 6,000 சுற்றில் நிமிடத்துக்கு 3,900 லிட்டர் காற்றை விழுங்கும். அதை அரை பாருக்கு அழுத்த 5 கிலோவாட்டுக்கு மேல் சக்தி தேவை. 12 வோல்ட்டில் அது 400 ஆம்பியருக்கும் மேல். சின்னக் காரின் ஆல்டர்னேட்டர் 100 ஆம்பியர்கூடத் தராது. அந்தப் பிளாஸ்டிக் விசிறி காற்றைத் தள்ளுவதற்குப் பதிலாக வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். உண்மையான மின்சாரக் கம்ப்ரசர் வைத்த விலை உயர்ந்த கார்கள் உண்டு. அவற்றுக்கு 48 வோல்ட் மின்சுற்று தனியாக இருக்கிறது.

ஆட்டோ கியரில் போடலாமா?

மேனுவலில் முதலில் கிளட்ச் வழுக்கும், மாற்றிவிடலாம். அதன் பிறகு கியர் பற்களும் டிரைவ் ஷாஃப்டும் வரிசையில் நிற்கும். பழைய நாலு கியர் ஆட்டோவில் எண்ணெய் சூடாகி உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் தேயும். தனிக் குளிர்விப்பான் வைத்துக் குறைந்த பூஸ்டில் ஓட்டுபவர்கள் உண்டு. பெல்ட்டில் ஓடும் சிவிடி ஆட்டோ பெட்டியில் வேண்டாம். பெல்ட் ஒரு முறை வழுக்கினால் அது ஓடும் உருளையின் முகம் கீறிப்போகும், பிறகு பெட்டியையே மாற்ற வேண்டியதுதான்.

பிரேக் நன்றாகத்தானே பிடிக்கிறது?

87 குதிரைத்திறனுக்குப் பிடிக்கிறது. 100-இல் போகும் கார் 140-இல் போனால், நிறுத்த வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய இரு மடங்கு. பின்னால் டிரம், முன்னால் சின்ன டிஸ்க். டர்போவுக்கு முன்பே பிரேக் பட்டை, பிரேக் எண்ணெய், நல்ல டயர் மூன்றையும் மாற்றுங்கள். இதில் பேரம் பேசுபவரின் காரில் நான் டர்போ மாட்டுவதில்லை.

கஞ்சிலில் ஹாஃப்-கட் எஞ்சின், அதாவது ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வந்த பழைய காரின் எஞ்சின், போடுகிறார்களே, அது இதைவிட மேலா?

என்னைக் கேட்டால் மேல்தான். கஞ்சிலின் அடிப்படை டைஹாட்சு மீரா. ஜப்பானில் கேய் என்னும் மிகச் சிறிய வகைக் கார்களுக்கு 660 சிசி வரம்பு. நிறுவனங்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட உச்சவரம்பு 64 பிஎஸ் (ஏறக்குறைய குதிரைத்திறனேதான்). அந்த 64-ஐத் தொடும் டர்போ எஞ்சின்கள் மீராவிலேயே வந்தன. எல்5, எல்9 என்று பட்டறைகளில் சொல்வது அவற்றைத்தான். பிஸ்டன், எண்ணெய் வழி, இசியு, இன்டர்கூலர் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி தொழிற்சாலையே செய்தது. பழைய மைவிக்கு மேலே சொன்ன கே3-விஇடி அதே வகை.

தொழிற்சாலை டர்போ என்றால் என்ன என்பதற்குப் பெரோடுவாவிலேயே சாட்சி இருக்கிறது. ஆக்சியாவின் 998 சிசி எஞ்சின் 67 அல்லது 68 பிஎஸ், 91 நியூட்டன் மீட்டர். 2021-இல் வந்த அத்திவாவின் எஞ்சினும் அதே குடும்பம், அதே 998 சிசி. டர்போவோடு 98 பிஎஸ், 140 நியூட்டன் மீட்டர், அதுவும் 2,400 சுற்றிலேயே. முப்பது குதிரைத்திறனுக்காகக் குளிர்விப்பு முதல் கியர்பெட்டி வரை அவர்கள் திருத்தி அமைத்ததை நாம் ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம் என்று நினைப்பது கொஞ்சம் அதிகம்.

ஆனால் ஹாஃப்-கட் என்பதும் பழைய எஞ்சின். வாங்கும் முன் சிலிண்டர் அழுத்தம் அளந்து பாருங்கள். எல்லாச் சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்க வேண்டும். ஒயர்க் கொத்தும் இசியுவும் வெட்டுப்படாமல் கூடவே வர வேண்டும்.

ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை), சாலை வரி, காப்புறுதி?

தீபகற்பத்தில் சாலை வரி சிசியைப் பொறுத்தது: 1,000 சிசி வரை 20 வெள்ளி (ரிங்கிட்), 1,298 சிசி மைவிக்கு 70 வெள்ளி. டர்போ மாட்டினால் வரி ஒரு காசும் ஏறாது. அதனாலேயே சட்டத்துக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

எஞ்சினை மாற்றினால் கிராண்டில் (வாகனப் பதிவு ஆவணத்தில்) உள்ள எஞ்சின் எண் பொருந்தாமல் போகும். முன்கூட்டியே ஜேபிஜே அனுமதி, பரிசோதனை, பிறகு கிராண்டில் திருத்தம். எஞ்சின் வாங்கிய ரசீதும் இறக்குமதி ஆவணமும் கையில் இருக்க வேண்டும். இருக்கும் எஞ்சினிலேயே டர்போ மாட்டினாலும் அனுமதி இல்லாத மாற்றம்தான். சாலைத் தடுப்பில் எஞ்சின் மூடியைத் திறக்கச் சொன்னால் அங்கே விவாதித்துப் பயனில்லை.

சம்மனைவிடப் பெரியது காப்புறுதி. மாற்றங்களைச் சொல்லாமல் மறைத்துவிட்டு விபத்து நடந்தால், உங்கள் காருக்கான இழப்பீட்டை நிறுவனம் மறுக்க இடம் உண்டு. புதுப்பிக்கும்போது எழுத்தில் தெரிவியுங்கள். கட்டணம் கூடலாம், சிலர் ஏற்காமலும் போகலாம். கடன் முடியாத காரென்றால் வங்கியும் இதில் ஒரு ஆள்.

டர்போ போட்டால் பெட்ரோல் மிச்சமாகுமாமே?

தொழிற்சாலை எஞ்சினைச் சின்னதாக்கிவிட்டு டர்போ வைக்கிறது, அங்கே மிச்சமாகும். நீங்கள் இருக்கும் எஞ்சினுக்குக் கூடுதலாக ஊட்டுகிறீர்கள்.

எந்தப் பயனும் இல்லையா பிறகு?

யார் சொன்னது? சரியாகச் செய்த சின்ன டர்போ கார் ஓட்டுவதற்குப் பேரின்பம். சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும்போது தெரியும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். சாதாரண எஞ்சினின் சக்தியும் அதே அளவுக்கு இறங்கும். முட்டைக்கோஸ் லாரிக்குப் பின்னால் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு போவோமே, அங்கே டர்போ வைத்தது பூஸ்ட் இருப்பதால் அந்த இழப்பு அவ்வளவாகத் தெரியாமல் ஏறும். 0.3 முதல் 0.4 பார் வரை பூஸ்ட், நல்ல டியூனிங், நல்ல இன்டர்கூலர். அவ்வளவோடு நிறுத்தத் தெரிந்தவர்களின் கார்கள் நீண்ட நாள் ஓடுகின்றன. வேஸ்ட்கேட் ஸ்பிரிங்தான் மிகக் குறைந்த பூஸ்டைத் தீர்மானிக்கும் என்பதால் அதைத் தொடக்கத்திலேயே மெலிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்; பிறகு திருகிக் குறைக்க முடியாது.

என் மகன் வீட்டுக் காரில் டர்போ போட வேண்டும் என்று நிற்கிறான். என்ன சொல்வது ஐயா?

அம்மா, வீட்டில் அது ஒரே கார்தான் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். காரணம் கேட்டால் என்னிடம் அனுப்புங்கள். இந்த வேலை தொடங்கினால் கார் வாரக்கணக்கில் பட்டறையில் நிற்கும். ஏதோ ஒரு குழாய் ஈப்போவிலிருந்து வர வேண்டும், டியூனருக்கு அடுத்த வாரம்தான் நேரம் இருக்கும். அதுவரை அப்பா வேலைக்கும் பாட்டி மருத்துவமனைக்கும் எதில் போவார்கள்? தம்பிக்கு ஆசை அடங்கவில்லை என்றால் ஓடாத பழைய கஞ்சில் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். பிரித்துப் போட்டுக் கற்றுக்கொள்ளட்டும். இதுவரை சொன்ன எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் வரும் செலவு பழைய மைவி ஒன்றின் விலையை நெருங்கிவிடும் என்பதையும் அவனிடம் காட்டுங்கள்.

பிறகு விற்கும்போது பழையபடி மாற்றிவிட முடியுமா?

தொடக்கத்திலேயே திட்டமிட்டிருந்தால் முடியும். பழைய மேனிஃபோல்ட், புகைக்குழாய், இன்ஜெக்டர், அழுத்த உணரி, இசியு எல்லாவற்றையும் பெயரெழுதிக் கட்டி, மழை படாத இடத்தில் வையுங்கள். பட்டறைக்கே கொடுத்துவிட்டால் திரும்பி வராது. எண்ணெய்த் தொட்டியில் போட்ட துளையைத் திருகு மூடியால் அடைக்கலாம், அல்லது பொத்தோங் கடையில் வேறு தொட்டி வாங்கி மாட்டலாம். ஒயரை வெட்டி ஒட்டியிருந்தால் அதுதான் தீராத தலைவலி. மழைக்காலத்தில் ஒவ்வொன்றாகத் தொடர்பு அறுந்து விளக்கு எரியும். அதனால் இசியு வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் டியூனரிடம், தொழிற்சாலை ஒயர்க் கனெக்டரில் அப்படியே செருகும் இடைக்கம்பிக் கொத்து செய்து தருவாரா என்று கேளுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், எந்த நிற ஒயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.